பார்லரில் பங்குக்கு வேலை: ஜிஎஸ்டியிலும் கமிஷன் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பார்லர்களில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்களோடு, பங்குக்கு வேலை செய்பவர்களும் நிறையப் பேர் உண்டு. ஓனர் இடம், சேர், கரண்ட் கொடுப்பார். வேலை தெரிந்தவர் வந்து செய்வார். வரும் பணத்தை 60-40 என்றோ பாதிக்குப் பாதி என்றோ பிரித்துக்கொள்வார்கள். முகூர்த்த மாதங்களில் இதே பெண்கள் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று வீடுகளுக்கே போய் மணப்பெண் அலங்காரமும் செய்கிறார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. பணத்தைப் பிரிக்கும் இடத்தில்தான் நஷ்டப்படுகிறார்கள். சிலர் தெரியாமலே வரிச் சிக்கலிலும் மாட்டிக்கொள்கிறார்கள். பார்லர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறுகளை எழுதுகிறேன்.

பில் யார் பேரில் என்று கேட்காமல் இருப்பது

பங்கு எத்தனை சதவீதம் என்று பேசுவதற்கு முன்பே பேச வேண்டியது இது. கஸ்டமருக்கு வேலை செய்து கொடுப்பது பார்லரா, நீங்களா?

பார்லர் பேரில் பில் போட்டு, பார்லரே விலை வைத்து, பணமும் பார்லர் கணக்குக்குப் போனால் அந்த முழுத் தொகையும் ஓனருடைய விற்றுவரவு, அதாவது டர்ன்ஓவர். உங்களுக்குக் கிடைக்கும் பங்கு மட்டும்தான் உங்கள் வரவு. கஸ்டமரிடம் வாங்கும் ஜிஎஸ்டி ஓனருடைய பொறுப்பு.

சேரை மட்டும் வாடகைக்கு எடுத்து, உங்கள் கஸ்டமருக்கு நீங்களே விலை சொல்லி, உங்கள் ஜிபேயில் பணம் வாங்கினால் கதையே வேறு. முழுத் தொகையும் உங்கள் விற்றுவரவு. ஓனருக்குக் கொடுப்பது நீங்கள் கொடுக்கும் வாடகை; உங்கள் செலவு, அவ்வளவுதான். அதைப் பர்சன்டேஜ் கணக்கில் கொடுத்தாலும் அது வாடகைதான்.

மாதச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது.

பலர் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறார்கள். பழைய கஸ்டமர் என்றால் தன் ஜிபேயில் வாங்குவது, புதியவர் என்றால் கல்லாவில் கட்டச் சொல்வது. அப்புறம் மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பிரிப்பது. இப்படிச் செய்தால் யாருடைய விற்றுவரவு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

20 லட்சத்தைக் கைக்கு வந்த பணத்தில் எண்ணுவது

சேவைத் தொழிலில் ஒரு நிதியாண்டின் மொத்த விற்றுவரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். எதை எண்ணுவது என்பதில்தான் தவறு நடக்கிறது.

சேர் வாடகை முறையில் ஒருவர் வருடத்துக்கு 22 லட்சம் வாங்கி, பாதியை ஓனருக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 11 லட்சம். ‘நமக்கு 20 லட்சம் எங்கே வருகிறது’ என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் அவருடைய விற்றுவரவு 22 லட்சம். வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். இதே வேலை, இதே பணம், பார்லர் பேரில் பில் போயிருந்தால் அவருடைய கணக்கு 11 லட்சம்தான்; பதிவே தேவையில்லை.

கல்யாண வேலையிலும் இதுதான். கழுத்துரு, அதாவது நகரத்தார் மணப்பெண் அணியும் தாலி நகை, கனமானது. அது நகராமல் உட்கார்வதற்கு ஏற்றபடி முந்தானையை எங்கே பின் குத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் கைவராது. அது தெரிந்த ஒரு உதவியாளரையும், முடிக்கு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். வீட்டுக்காரர் 35,000 ரூபாய் உங்களிடம் கொடுக்கிறார். அவர்கள் இருவருக்கும் 8,000 கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் விற்றுவரவு 27,000 இல்லை, 35,000. கஸ்டமரைப் பிடித்துக் கொடுத்தவருக்கு ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் கழிக்கக் கூடாது.

பார்லர் பங்கு, தனியாகப் போன கல்யாணங்கள், மேக்கப் வகுப்புக் கட்டணம், விற்ற க்ரீமும் ஷாம்புவும், எல்லாம் ஒரே பான் எண்ணில் சேரும். வீட்டு வாடகை வந்தால், அதற்கு வரி இல்லாவிட்டாலும் இந்த 20 லட்சக் கணக்கில் அதுவும் உண்டு. 40 லட்சம் வரை விலக்கு என்று சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். அது பொருள் மட்டும் விற்பவர்களுக்கு.

யுபிஐ வரவை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பும் வேண்டாம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. முழுப் பணமும் உங்கள் ஜிபேயில் வந்து, ஓனர் பங்கை நீங்கள் ரொக்கமாகக் கொடுத்தால், வந்ததற்கு அத்தாட்சி இருக்கும், போனதற்கு இருக்காது. பங்கையும் ஜிபேயிலேயே கொடுங்கள். குறிப்பில் ‘மார்ச் சேர் வாடகை’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும்.

வரியையும் சேர்த்துப் பங்கு பிரிப்பது

அதிகமாகப் பணம் போகிற இடம் இதுதான்.

2025 செப்டம்பர் 22 முதல் சலூன், பார்லர் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன்பு 18. இப்போது குறைந்ததற்குப் பதிலாக, உள்ளீட்டு வரியை, அதாவது பார்லருக்குப் பொருள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, கழித்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. ‘நான் 18-லேயே இருந்து கழித்துக்கொள்கிறேன்’ என்று ஓனர் சொல்லவும் முடியாது.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். ஜிஎஸ்டி பதிவு உள்ள பார்லர், வரி உட்பட 21,000 ரூபாய்க்கு பில் போடுகிறது. உங்கள் பங்கு 40 சதவீதம். வேலைக்கான விலை 20,000, வரி 1,000. வரிப் பணம் உங்களுடையதும் இல்லை, ஓனருடையதும் இல்லை. ஆக, 20,000-த்தில் 40 சதவீதம், 8,000 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும்.

நடப்பது என்ன? சிலர் 21,000-த்தை அப்படியே பிரித்து 8,400 வாங்கிக்கொள்கிறார்கள். ஓனர் வரியைத் தன் கையிலிருந்து கட்டும்போது முகம் சுளிக்கிறார். அடுத்த மாதம் வேறு பேர் சொல்லிப் பிடித்துக்கொள்கிறார். இன்னும் சிலருக்கு நேர்வது அதைவிட மோசம். ‘ஜிஎஸ்டி போகத்தான்மா பங்கு’ என்று சொல்லி, பழைய பழக்கத்தில் 21,000-க்கு 18 சதவீதம், அதாவது 3,780 ரூபாயை எடுத்துவிட்டு, மிச்சம் 17,220-ல் 40 சதவீதம் என்று 6,888 ரூபாய் கொடுக்கிறார்கள். ஒரே கல்யாணத்தில் 1,112 ரூபாய் குறைகிறது. தையில் எத்தனை முகூர்த்தம் போனீர்கள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வரி உட்பட்ட தொகையிலிருந்து வரியைப் பிரிக்க, 5 சதவீதத்தை அப்படியே கழிக்கக் கூடாது. 105-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்.

பதிவே இல்லாத பார்லர் ‘ஜிஎஸ்டி பிடித்தம்’ செய்வதையும் பார்க்கிறேன். பதிவு இல்லாதவர் கஸ்டமரிடம் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. உங்கள் பங்கில் அந்தப் பேரில் பிடிக்கவும் வழியில்லை. பதிவு உள்ள கடை, சான்றிதழைக் கடையில் மாட்டியிருக்க வேண்டும். பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், உங்கள் பணம்.

தொகுப்பு வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில் உள்ள கடையும் கஸ்டமரிடம் வரியைத் தனியாக வாங்க முடியாது. 50 லட்சம் வரை விற்றுவரவு உள்ள சேவைக்காரர்களுக்கு அதில் 6 சதவீதம். கைக்காசில்தான் கட்ட வேண்டும். சாதாரண முறையிலேயே 5 ஆகிவிட்ட பிறகு, பார்லர்காரர்கள் அதில் ஏன் இருக்க வேண்டும் என்று ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

பங்கை வாய்ப்பேச்சில் விடுவது

‘அக்கா பார்த்துக் கொடுப்பாங்க’ என்று ஆரம்பித்த வேலைகள்தான் கடைசியில் முகம் கொடுத்துப் பேசாத நிலைக்கு வருகின்றன. ஸ்டாம்ப் பேப்பர்கூட வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதி, இரண்டு பேரும் ‘சரி’ என்று போட்டாலே நாளைக்குக் காட்ட ஒன்று இருக்கும்.

40 சதவீதம் என்றால் எதில் 40? வரி போகவா, வரியோடா? மெட்டீரியல் செலவைக் கழித்த பிறகா, முன்பா? 20,000 ரூபாய் வேலைக்கு மெட்டீரியல் 3,000 என்றால், முதலில் கழித்துப் பிரிக்கும்போது உங்களுக்கு 6,800. கழிக்காமல் பிரித்தால் 8,000. ஃபவுண்டேஷன், லேஷ், ஹேர் எக்ஸ்டென்ஷன் யார் வாங்குவது, ஒரு வேலைக்கு எவ்வளவு என்று வைப்பது, இதை முன்பே எழுதினால்தான் சண்டை வராது. ஓனர் தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கில் குறையும்? ஆடி மாதச் சலுகை ஓனர் அறிவித்தது. அதன் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. கல்யாணம் தள்ளிப்போய் அட்வான்ஸ் திரும்பத் தர வேண்டியிராவிட்டால் அந்தப் பணத்தில் உங்களுக்கு எவ்வளவு? விடியற்காலை மூன்று மணிக்குப் பள்ளத்தூர் போக கார் வாடகை யார்? கஸ்டமர் விரும்பிக் கொடுக்கும் டிப்ஸ் உங்களுக்கே என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஷாம்பு, சீரம் விற்றுக் கொடுப்பதற்கான பங்கைத் தனிக் கணக்காக எழுதுங்கள். அதைச் சேவைப் பங்கோடு கலக்காதீர்கள். ஷாம்புவுக்கும் ஹேர் ஆயிலுக்கும் 5, ஹேர் டைக்கு 18 என்று பொருளுக்குப் பொருள் வரி மாறுகிறது. கலந்து வைத்தால் பிரிக்கவே முடியாது.

வெளியூர், வெளிநாட்டுக் கல்யாணம்

நம் ஊரில் மட்டுமே அடிக்கடி வரும் கேள்வி இது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் குடும்பம், பூர்வீக வீட்டில் கல்யாணம் வைக்க வருகிறது. பணம் அங்கிருந்தே வருகிறது. ‘வெளிநாட்டுப் பணம், ஏற்றுமதிக் கணக்கு, வரி இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழகுக்கலைச் சேவைக்கு, வேலை எங்கே நடந்ததோ அந்த இடம்தான் கணக்கு. முகப்பில் உட்கார வைத்து மேக்கப் போட்டது கானாடுகாத்தானில் என்றால், அது தமிழ்நாட்டுச் சேவை.

பெங்களூருக்குப் போய்ச் செய்துவிட்டு வந்தால், வேறு மாநிலம் என்பதற்காக மட்டும் பதிவு எடுக்க வேண்டியதில்லை. அந்த 20 லட்ச வரம்பு அங்கேயும் பொருந்தும்.

பதிவு உள்ளவர்கள் அட்வான்ஸ் வாங்கிய மாதத்திலேயே அதற்கான வரியைக் காட்ட வேண்டும். தையில் கல்யாணம் என்று ஐப்பசியில் வாங்கிய பணத்தைத் தையில் காட்டுவது தவறு.

வருமான வரி, தொழில் வரி

2 கோடி வரை விற்றுவரவு உள்ள சிறு தொழிலுக்கு, ரொக்க வரவில் 8 சதவீதமும் வங்கி வழி வரவில் 6 சதவீதமும் லாபமாகக் காட்டினால் போதும் என்று ஒரு வசதி உண்டு. கமிஷன் வருமானத்துக்கு அது கிடையாது. நீங்கள் சொந்தக் கையால் செய்த வேலைக்கு வரும் பங்கை, ஒப்பந்தத்திலும் ரசீதிலும் ‘கமிஷன்’ என்று எழுதிவைத்தால் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ‘சேவைக் கட்டணத்தில் பங்கு’ என்று எழுதச் சொல்லுங்கள்.

ஓனர் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடித்திருந்தால், அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். ஏறவில்லை என்றால் ஓனரிடம் கேளுங்கள். புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு 2025-26 நிதியாண்டிலிருந்து வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், பிடித்தது திரும்பக் கிடைக்கும். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான்.

தொழில் வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது ஜிஎஸ்டியோடு சேராது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால், சொந்தமாகத் தொழில் செய்பவரும் உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டும். காரைக்குடிக்குள் என்றால் மாநகராட்சியில், கிராமத்தில் என்றால் ஊராட்சியில்.