ஊருக்குத் தூய மின்சாரம்: உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசலையும் விறகையும் நம்பியிருக்கும் ஓர் ஊரைச் சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் மாற்ற முன்வருபவர்களின் எண்ணம் பெரும்பாலும் நல்லதுதான். அவர்கள் கொண்டுவரும் கருவிகளும் இன்று நம்பகமானவை. அப்படியிருந்தும் விமரிசையாகத் திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே செயலிழந்து கிடக்கும் திட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றின் கதைகளைப் படிக்கும்போது கருவியின் குறையைவிட வேறொன்றுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. யாருக்கு எவ்வளவு மின்சாரம், யார் செலவில், யார் பொறுப்பில் என்ற கேள்விகளை அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கீழே உள்ள தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து கிளைத்தவையே.

ஏழைக்குக் கொஞ்சம் போதும் என்று முடிவுசெய்வது

இதைத்தான் நான் மிக மோசமான தவறாகக் கருதுகிறேன். பீகாரின் தர்னை கிராமம் பல பத்தாண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. 2014இல் அங்கே 100 கிலோவாட் சூரிய மின் நிலையம் அமைக்கப்பட்டது. நாடே கவனித்த முயற்சி அது. ஆனால் விளக்கு, மின்விசிறி, கைப்பேசி ஆகியவற்றைத் தாண்டிப் பெரிய சாதனங்களை இயக்க அந்த அமைப்பு இடம்கொடுக்கவில்லை. மாநிலத்தின் முன்னாள் முதல்வர் ஒருவர் வந்தபோது மக்கள் அவரிடம் "உண்மையான மின்சாரம்" வேண்டும் என்று கேட்டார்கள். பின்னர் அரசின் மின்கம்பி குறைந்த கட்டணத்தில் ஊருக்குள் வந்தது. பேட்டரிகள் ஓய்ந்தன, நிலையம் கைவிடப்பட்டது, அந்த வளாகத்தில் மாடுகள் கட்டப்பட்டன.

இதைப் படித்துவிட்டு மக்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. குளிர்பதனப் பெட்டியும் மாவு அரைக்கும் இயந்திரமும் தண்ணீர் மோட்டாரும் வேண்டும் என்பது பேராசையல்ல. வருமானம் அவற்றிலிருந்துதான் வருகிறது. மூன்று குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்கே இரண்டு கிலோவாட்டுக்கு மேல் தேவை. இயக்கத் தொடங்கும் நொடியில் அது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதற்கு இடமில்லாத அமைப்பு, ஊர் முன்னேறத் தொடங்கிய அன்றே போதாமல் போய்விடும்.

எனவே கணக்கு வீடுகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கக் கூடாது. மக்கள் இன்று எந்த வேலையை எந்த நேரத்தில் செய்கிறார்கள், மின்சாரம் இருந்தால் ஐந்து ஆண்டுகளில் என்ன செய்ய விரும்புகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டறிய வேண்டும். நேரம் இங்கே முக்கியம். சூரியத் தகடு நண்பகலில் அதிகம் தரும், வீடுகளோ அந்தி சாய்ந்த பிறகுதான் அதிகம் கேட்கும். அரவை, நீரிறைத்தல் போன்ற வேலைகளைப் பகலுக்கு நகர்த்த ஊர் ஒப்புக்கொண்டால் பேட்டரியின் அளவு கணிசமாகக் குறையும். பொதுவான மின்கம்பி ஒருநாள் வரக்கூடும் என்றால், அன்றைக்கு அதனுடன் இணைந்து இயங்கும் வகையில் இன்வெர்ட்டரையும் கம்பிகளையும் முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரம்பே கூடாது என்பதல்ல இதன் பொருள். ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவில் ஏறக்குறைய நூறு பேர்தான் வாழ்கிறார்கள். 2008 முதல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்துத் தங்களுக்கான மின்சாரத்தைத் தாங்களே நிர்வகிக்கிறார்கள். அங்கே எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது, தொழில்களுக்கு 10 கிலோவாட். வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவு. ஒரு வீட்டுக்குத் தேவையானது அந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது. அவர்களே பேசி வைத்துக்கொண்ட வரம்பு என்பதால் அது மதிக்கப்படுகிறது.

சொந்தக் கூரை உள்ளவரை மட்டும் எண்ணுவது

கூரைமேல் சூரியத் தகடு வைக்க மானியம் தரும் திட்டங்களைக் கவனியுங்கள். மானியம் பெறச் சொந்த வீடு வேண்டும், உறுதியான கூரை வேண்டும், மீதித் தொகையைக் கட்டக் கையில் பணமோ வங்கிக் கடனோ வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவரும், ஓலை அல்லது தகரக் கூரையின் கீழ் வாழ்பவரும், பட்டா இல்லாதவரும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். பொதுப் பணமோ அவர்கள் கட்டும் வரியிலிருந்தும் வருகிறது.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சுமை ஒன்று உண்டு. மின்கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பராமரிக்கும் செலவில் பெரும்பகுதி எல்லோருடைய கட்டணத்திலிருந்தும் வசூலாகிறது. வசதியுள்ளவர்கள் சொந்த மின்சாரத்துக்கு மாறி விநியோக நிறுவனத்திடம் வாங்குவதைக் குறைத்தால், அந்தச் செலவின் பங்கு மாறாதவர்கள் மீது ஏறக்கூடும். எந்த அளவுக்கு ஏறும் என்பது அந்தந்த இடத்தின் கட்டண விதிகளைப் பொறுத்தது. அதனால்தான் திட்டம் தீட்டுபவர்கள் கட்டண விதிகளை முதலில் படிக்க வேண்டும். பள்ளிக் கூரையிலோ பொது இடத்திலோ ஒரு நிலையம் அமைத்து, அதில் பங்கு பெற்றவர்களின் மின்கட்டணத்தில் அந்தப் பங்கைக் கழிக்கும் முறை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. கூரை இல்லாதவருக்கும் அதில் இடம் உண்டு. பங்குத் தொகையைத் தவணையில் கட்ட வழி செய்தால்தான் அந்த இடம் உண்மையானதாகும்.

உடைமையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் சாம்சோ தீவு 1997இல் அரசு நடத்திய போட்டியில் வென்று, முழுவதும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறும் பணியைத் தொடங்கியது. நிலத்தில் நிறுவிய 11 காற்றாலைகளையும் உள்ளூர் விவசாயிகளும் தீவு மக்களின் கூட்டுறவுகளும் வாங்கினார்கள். காற்றாலை சுழன்றால் தங்களுக்கு வருமானம் என்ற நிலை வந்தபோது எதிர்ப்பு தணிந்தது. அந்நாட்டில் 2009இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், புதிய காற்றாலைத் திட்டங்களின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை 4.5 கிலோமீட்டர் தொலைவுக்குள் வசிப்பவர்களுக்கு முதலில் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் விற்பனைக்கு வைத்த பங்கை வாங்கப் பணம் வேண்டும். பணமில்லாத குடும்பங்களுக்காகப் பஞ்சாயத்தோ கூட்டுறவோ ஒரு பகுதியை வாங்கி வைக்காவிட்டால், ஊருக்குள்ளேயே ஒரு சிலர் மட்டும் உரிமையாளர்கள் ஆவார்கள்.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காதது

நிறுவுவதற்கு நன்கொடை எளிதில் கிடைக்கிறது, அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கிடைப்பதில்லை. யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் வேலை இது. சூரியத் தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். இன்வெர்ட்டர் பத்து ஆண்டுகளை ஒட்டி மாற்ற வேண்டியிருக்கும். ஈய அமிலப் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தாங்கினாலே நல்லது, அடிக்கடி முழுவதும் வடியவிட்டால் அதுவும் கிடையாது. ஆக, ஒரு தகட்டின் ஆயுளுக்குள் அந்தப் பேட்டரியை ஐந்தாறு முறை மாற்ற நேரும். அந்தத் தொகையை மாதக் கட்டணத்தில் முதல் மாதத்திலிருந்தே சேர்த்து, தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். "இலவசம்" என்று அறிவித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் கட்டணம் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், தராதது நியாயமும்கூட. மிக வறிய குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை தேவை என்றால், அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் அன்றே எழுதிவிட வேண்டும்.

பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஊரிலேயே குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், வெளியூரில் நல்ல சம்பளம் கிடைத்ததும் அவர் போய்விடுவார். அவரைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. பெண்களுக்குப் பயிற்சி அளித்த இடங்களில் அவர்கள் இந்த வேலையைத் திறம்படச் செய்கிறார்கள். செய்த வேலைக்குச் சம்பளம் கொடுங்கள், சேவை என்று சொல்லிச் சும்மா வாங்காதீர்கள்.

நிலத்தை யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைப்பது

வரைபடத்தில் தரிசாகத் தெரியும் இடத்தில் யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார், யாரோ சுள்ளி பொறுக்கிக்கொண்டிருப்பார். பத்திரம் அவர்களிடம் இருக்காது. நார்வேயின் போசன் பகுதியில் கட்டப்பட்ட காற்றாலைகள் சாமி பழங்குடி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலத்தில் நின்றன. அவற்றுக்கான அனுமதி அம்மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் காற்றாலைகள் ஓடத் தொடங்கிவிட்டன, தீர்ப்புக்குப் பிறகும் ஓடின. 2023இல் சாமி இளைஞர்கள் அரசு அலுவலகத்தின் முன் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. தூய ஆற்றல் என்பதாலேயே ஒரு திட்டம் நியாயமானதாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நிலத்தைப் பத்திரத்தில் மட்டும் தேடாமல், மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் நடந்து பாருங்கள்.

சுருக்கமாகச் சொல்லக்கூடிய தவறுகளும் சில உண்டு. உற்பத்தியைப் பெருக்கும் முன் வீணாவதைக் குறைக்க மறப்பது ஒன்று. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது, 75 வாட் மின்விசிறியின் வேலையை 30 வாட்டில் செய்யும் விசிறிகள் வந்துவிட்டன. அடுப்படியை மறப்பது இன்னொன்று. வீட்டுக்குள் சூழும் சமையல் புகையால் 2020இல் மட்டும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. விளக்கெரிந்துவிட்டது என்று திட்டத்தை முடித்துக்கொண்டால் அந்தப் புகை அப்படியே இருக்கும். புதிய அடுப்பைக் கொடுத்தாலும் எரிபொருள் வாங்கக் காசில்லாத மாதங்களில் குடும்பங்கள் விறகுக்குத் திரும்பும். அடுப்புக் கொடுத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஓராண்டு கழித்து எத்தனை வீடுகளில் அது எரிகிறது என்று பாருங்கள்.

நிலக்கரியையோ அனல்மின் நிலையத்தையோ நம்பி வாழும் ஊர் என்றால் கேள்வி வேறு. வேலை போகிறவரிடம் தூய காற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவருடைய சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டும். கருநிலக்கரிச் சுரங்கங்களுக்கான மானியத்தை 2018இல் நிறுத்துவது என்று ஜெர்மனி 2007லேயே முடிவெடுத்துவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் முன்கூட்டிய ஓய்வூதியமும் வேலை மாற்றமும் தொழிற்சங்கங்களோடு பேசி ஏற்பாடாயின. அவ்வகையில் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. தேதியை முன்னதாகச் சொன்னதால்தான் பேசுவதற்கு நேரம் கிடைத்தது.

கடைசியாக, ஒப்பந்தம். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கினார்கள் என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, யாருக்கும் புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர்களும் சமையல் நேரத்தில் வர முடியாத பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு நேரத்தில் மீண்டும் கூட்டுங்கள். உள்ளூர் மொழியில் எழுதிய ஒப்பந்தத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். நிறுவனம் விலகினால் கருவிகள் யாருடையவை, மீட்டர் கணக்கை யார் பார்க்கலாம், பழுதை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், பழைய பேட்டரியை யார் எடுத்துப் போக வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு கையெழுத்துக்கு நீட்டுங்கள். வேண்டாம் என்று ஊர் சொன்னால், திட்டத்தைத் திருத்திக்கொண்டு திரும்ப வாருங்கள்.