இருட்டியதும் கண்மூடும் கமராக்கள்: பி.ஓ.ஈ. சுவிட்ச் வாங்குவதில் நேரும் தவறுகள்

பெரும்போக அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் மாசி மாதம். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையிலிருந்து என்னை அழைத்தார்கள். பகலில் எட்டுக் கமராக்களும் பளிச்சென்று தெரிகின்றன. மாலை ஆறரை ஆனதும், லொறிகள் நிற்கும் வாசலைக் காட்டும் இரண்டும் போய்விடுகின்றன. சற்று நேரத்தில் திரும்பி வருகின்றன, மறுபடியும் போய்விடுகின்றன. முதலாளி அந்த இரண்டையும் ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருந்தார். "புதுக் கமராவும் பழுதாகுமா தம்பி?" என்று கேட்டார்.

இருட்டும்வரை இருவரும் அலுவலக அறையில் காத்திருந்தோம். வெளிச்சம் மங்க மங்க ஒவ்வொரு கமராவின் படமும் நிறம் இழந்து கறுப்பு வெள்ளைக்கு மாறியது. ஐந்தாவது மாறும்வரை ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது மாறிய கணத்தில், கமராக்களின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியான சுவிட்சின் எட்டாம் போர்ட் விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் ஏழாவதும் போனது. வாசல் கமராக்கள் இரண்டும் அந்தப் போர்ட்களில்தான் இருந்தன.

சுவிட்சைத் தலைகீழாகப் பிடித்து அடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். பி.ஓ.ஈ. மின்திறன், அதாவது படம் வரும் அதே கேபிள் வழியாகக் கமராக்களுக்குக் கொடுக்கக்கூடிய மின்சாரம், மொத்தம் 60 வாட். அந்தக் கமரா பகலில் எடுப்பது ஏறத்தாழ 4 வாட், எட்டுக்கும் சேர்த்து 32. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது ஒன்றுக்கு 9 வாட், எட்டுக்கும் 72. ஆறு கமராக்கள் விளக்கை எரித்து இரண்டு எரிக்காமல் இருந்தாலே 62 ஆகிவிடுகிறது. வரம்பு மீறியதும் சுவிட்ச் கடைசிப் போர்ட்டை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட கமரா மீண்டும் உயிர்பெறும்போது 4 வாட்தான் கேட்கிறது, கிடைக்கிறது. விழித்துப் பார்த்தால் இருட்டு. விளக்கை எரிக்கிறது, மறுபடி வெட்டு. விடியும்வரை இதுதான் கதை.

நான் பார்க்கும் பழுதுகளில் அதிகம் இந்த வகைதான். எட்டுக் கமரா, எட்டுப் போர்ட் சுவிட்ச் என்று எண்ணி வாங்கிவிடுகிறோம். போர்ட் என்பது கேபிள் செருகும் இடம் மட்டுமே. ஒவ்வொரு கமராவின் தகவல் தாளிலும் உள்ள அதிகபட்ச வாட்டை எடுத்துக் கூட்டுங்கள், அதற்கு மேல் கால்பங்கு சேர்த்து வையுங்கள். இந்த ஆலைக்கு 72, அதோடு 18, ஆக 90 வாட். நாங்கள் 120 வாட் சுவிட்ச் வைத்தோம். சில சுவிட்சுகள் கமரா எடுக்கும் மின்சாரத்தைப் பார்க்காமல், அதன் மின்திறன் வகுப்பைப் பார்த்து முழுதாக 15.4 வாட்டை ஒதுக்கி வைத்துவிடும் என்பதால் தாராளமாக இருப்பதே நல்லது. பணம் கொடுப்பதற்கு முன் எல்லாக் கமராக்களையும் மெனுவில் இரவு நிலைக்கு மாற்றி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பட்டப்பகலிலேயே உண்மை தெரிந்துவிடும்.

சுவிட்ச் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஒரு போர்ட்டில் 15.4 வாட் தரும். 2009இல் வந்த 802.3ஏடி 30 வாட் தரும். 2018இன் 802.3பிடி 60, 90 வாட் வரை போகும். ஒரே இடத்தில் நிற்கும் சாதாரணக் கமராவுக்கு முதலாவது போதும். சுழன்று பார்க்கும் கமராவுக்குப் பெரும்பாலும் இரண்டாவதாவது வேண்டும். இவை எதிலும் சேராத, 24 வோல்ட்டை நேரே அனுப்பும் மலிவுச் சுவிட்சுகளும் விற்பனைக்கு உண்டு. தரமான சுவிட்ச் மறுமுனையில் இருப்பது மின்சாரம் வாங்கக்கூடிய கருவிதானா என்று சோதித்த பிறகே அனுப்பும். இது சோதிப்பதில்லை. மடிக்கணினியைத் தெரியாமல் செருகினால் அதன் போர்ட் எரிந்துபோகலாம். தயவுசெய்து வாங்காதீர்கள்.

சுவிட்சைத் திட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கேபிளைத்தான். ஒரு துண்டை வெட்டி, உள்ளே இருக்கும் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளும் புறமும் செம்பு நிறம் என்றால் நல்லது. சுரண்டிய இடம் வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். பெட்டியில் சி.சி.ஏ. என்று சிறிதாகப் போட்டிருப்பார்கள். நல்ல கேபிளிலேயே, சுவிட்ச் 15.4 வாட் அனுப்பினால் 100 மீற்றர் கேபிளின் மறுமுனையில் உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட்தான். மிச்சம் கம்பியிலேயே வெப்பமாகப் போகிறது. அலுமினியக் கம்பியின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். பகலில் சமாளிக்கும், இரவில் கைவிடும். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ பொத்துவிலிலோ கடற்கரையை ஒட்டிய கட்டடம் என்றால் உப்புக்காற்று செருகி முனையில் ஏறி அந்தக் கம்பியை இன்னும் விரைவாகத் தின்றுவிடும். கேபிளில் மிச்சம் பிடித்த காசைவிட, ஏணியும் ஆளும் வைத்து மறுபடி இழுக்கும் கூலி அதிகம்.

தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு: 100 மீற்றர். இந்தச் சுவிட்சில் 250 மீற்றர் போகும் என்று கடையில் சொன்னால், அதில் பொய் இல்லை. ஆனால் அதற்கான பொத்தானைத் தட்டியதும் போர்ட்டின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட்டாகக் குறைகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாதாரணக் கமராவுக்கு அது போதலாம். வாசலில் லொறியின் இலக்கத்தகடு தெரியவேண்டும் என்று கூர்மையான கமரா வைத்திருந்தால் படம் திணறும். வளவு பெரிதென்றால் வாசல் பக்கம் இன்னொரு சிறிய சுவிட்சை வைத்து, இடையில் ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) இழுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ஒரு கட்டடத்தில் பாயும் மின்னல் அடுத்ததின் கருவிகளையும் கொண்டுபோகாமல் இருக்க, உலோகம் இல்லாத ஃபைபர் நல்ல காவல். சுவிட்சின் மின்செருகியில் புவித்தொடுப்பு முள் இருக்கிறதா, சுவரிலும் அது உண்மையாகவே இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் மின்னியலாளர் ஒருவரைக்கொண்டு பார்த்துவிடுங்கள்.

பதினாறு கமராக்கள் வைக்கிறவர்கள், சுவிட்சிலிருந்து, படங்களைச் சேமிக்கும் பதிவுக் கருவிக்குப் போகும் போர்ட் கிகாபிட் வேகமா (நொடிக்கு 1000 மெகாபிட்) என்று பார்க்கவேண்டும். ஒன்றுக்கு 6 மெகாபிட் என்றாலும் பதினாறுக்கு 96. நூறு மெகாபிட் போர்ட் அதில் மூச்சுமுட்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். மலிவான சுவிட்சுகள் பல 40 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று தாளிலேயே எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அதைத் தொங்கவிடாதீர்கள். ஆலை என்றால் தவிட்டுத்தூள் காற்றுத்துளைகளை அடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஏறாவூரில் ஒரு கடையில் மின்வெட்டு நேரத்தில் திருட்டு நடந்தது. பதிவுக் கருவி யு.பி.எஸ்.இல்தான் இருந்தது, அணையவே இல்லை. சுவிட்ச் மட்டும் சுவரில் இருந்த சாதாரணப் பிளக்கில் செருகப்பட்டிருந்தது. அந்த நாற்பது நிமிடமும் கருவி வெறும் கறுப்புத் திரையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பி.ஓ.ஈ. முறையில் கமராக்களுக்கு உயிர் கொடுப்பது சுவிட்ச்தான். இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.இல் போடுங்கள், அதன் அளவையும் கணக்குப் பாருங்கள். சிறிய யு.பி.எஸ்.இல் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி, அதாவது 84 வாட்-மணி. எல்லாம் சேர்ந்து இரவில் 100 வாட் எடுத்தால் காகிதத்தில் ஐம்பது நிமிடம். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. உங்கள் ஊரில் மின்வெட்டு எவ்வளவு நேரம் நீளும் என்பதை வைத்துப் பற்றரியைத் தேர்ந்தெடுங்கள்.