உப்புக் காற்றும் கடல் மணலும்: கேம்பர் வேனின் மேல்பூச்சைக் காப்பது எப்படி?

எங்கள் வேனை முதன்முதலாக முட்டம் கடற்கரைக்குக் கொண்டுபோய் வந்த அன்று சாயங்காலம், பாடியில் ஒட்டியிருந்த மணலை ஒரு பழைய துவர்த்தால் அழுத்தித் துடைத்தேன். மறுநாள் வெயிலில் பார்த்தால், ஒரு பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். அதைச் சரிசெய்ய இரண்டு நாள் பாலிஷ் போட வேண்டி வந்தது. புதிதாக வேன் வாங்கியவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட்டோடு கார்னெட்டும் உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கறுத்தும் சிவந்தும் கிடப்பது இவற்றால்தான். கார்னெட்டை உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள். அது ஒட்டியிருக்கும்போது காய்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். அதனால், தண்ணீரில் மணல் முழுக்கப் போகும்வரை வண்டிமேல் துணி படக்கூடாது.

உப்பு வேறு வகை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளச்சலிலோ கன்னியாகுமரியிலோ இரவு நிறுத்திய வண்டி, மழையே இல்லாமல் விடியற்காலையில் பிசுபிசுவென்று இருப்பது அதனால்தான். அந்த ஈரம் நட்டு, கீல், சேஸி என்று எல்லாவற்றையும் அரிக்கும்.

படி 1: பாடி எதனால் ஆனது என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் ஃபைபராகவோ அலுமினியமாகவோ இருக்கும். ஃபைபர் பாடியின் மேலே இருப்பது ஜெல்கோட் என்ற பூச்சு. வெயில் பட்டுப் பட்டு அது சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டினால் படி 4 கட்டாயம் தேவை.

படி 2: தண்ணீர் அடியுங்கள். காலை வெயில் ஏறுமுன், பாடி தொட்டால் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். தென்னை மூட்டில் நிறுத்த வேண்டாம், தேங்காய் விழும். பலாவின் கீழும் வேண்டாம், பிசின் சொட்டும். கூரையிலிருந்து கீழ்நோக்கி ஊற்றி, கடைசியில் சக்கரக் குழிகளுக்கும் அடிப்பாகத்துக்கும் பத்து நிமிடமாவது ஹோஸ் பிடியுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் ஜன்னல் ரப்பர், ஸ்டிக்கர், காற்றுத் துளைகள் பக்கம் நேராக அடிக்காதீர்கள்.

கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவினாலும், கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வையுங்கள். நான் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறேன், காய்ந்தபின் ஒரு புள்ளிகூட விழாது. தயவுசெய்து வண்டியைச் சானலில் இறக்கிக் கழுவாதீர்கள். அது வயலுக்குப் போகிற தண்ணீர், கீழே ஆட்கள் குளிக்கிற தண்ணீர்.

படி 3: ஷாம்பு. வண்டிக்கான ஷாம்பு மட்டும். பாத்திரம் கழுவும் திரவமும் சலவைப் பொடியும் ஏற்கெனவே போட்ட மெழுகையும் சேர்த்து உரித்துவிடும். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணி அலச வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழே நேர்கோடாகத் தேயுங்கள், வட்டமாக வேண்டாம். பக்கவாட்டில் இறங்கும் கறுப்புக் கோடுகள் கூரை அழுக்கு வழிந்து வருபவை, ஆகவே கூரையைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். ஈரக் கூரையில் ஏறி நிற்காமல், ஏணியில் நின்று நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்ப்பதே நல்லது. அப்படியே கூரைத் திறப்புகளைச் சுற்றிய சீலண்டில் (தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசையில்) வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜன்னல் கண்ணாடியாக இல்லாமல் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் ஷாம்புத் தண்ணீர் மட்டும் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரோ ஸ்பிரிட்டோ பட்டால் மயிரிழை வெடிப்பு விழும்.

கழுவியதும் தானாகக் காய விடாமல் ஒற்றித் துடைத்துவிடுங்கள்.

படி 4: காம்பவுண்டும் (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) பாலிஷும். வெளுத்த, கீறிய இடங்களுக்கு மட்டும் போதும். இரண்டடிக்கு இரண்டடியாக எடுத்து, கண்ணில் படாத மூலையில் முதலில் சோதியுங்கள். இது பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுக்கும் வேலை, எனவே ஓரங்களில் அழுத்தாதீர்கள், பூச்சு அங்கேதான் மெலிது. வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

படி 5: மெழுகு. கார்னௌபா மெழுகு பளபளப்பு தரும், மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சான பாலிமர் சீலண்ட் (கூரையில் பார்த்த பசை அல்ல) அதைவிட அதிக நாள் நிற்கும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் சீலண்டையே சொல்வேன். மெல்லிய பூச்சாகத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, சுத்தமான துணியால் துடையுங்கள். ஜூன் மழைக்கு முன்னால் மே மாதம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால் செப்டம்பர் கடைசியில் ஒருமுறை போடுவது என் வழக்கம்.

அப்புறம், மாதம் ஒருமுறை பாடியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு இன்னும் வேலை செய்கிறது. படலமாகப் பரவி நின்றால், கழுவிக் காயவைத்து, படி 5-ஐ மட்டும் மறுபடி செய்யுங்கள்.