அந்த முகம் எப்ப நிமிரும்? மலையூர்ல கைவேலைக்காரங்களை போர்ட்ரெய்ட் எடுக்கறது எப்படி

நான் கோத்தகிரியில இருந்து போட்டோ எடுக்கறேன். சோறு போடறது கல்யாண ஆர்டர்தான், ஆனா மனசு ஒட்டிக்கிட்டது நம்ம நீலகிரி மலையில கையால எதையாவது உண்டாக்கறவங்களை எடுக்கறதுலதான். பூத்துக்குளியில, அதாவது அவங்க போத்திக்கற வெள்ளைப் போர்வையில, எம்ப்ராய்டரி போடற தோடர் பழங்குடி அம்மாக்கள், வேங்கை மரத்துப் பாலை வச்சு வரையற குறும்பர் பழங்குடி ஓவியர், தேயிலைத் தோட்டத்துக்குக் கவாத்துக் கத்தி அடிக்கற கொல்லர், இப்படி நெறைய பேர். புதுசா கேமரா வாங்கின தம்பிங்க "அந்த முகம் எப்படிண்ணா வருது"னு கேட்டுட்டே இருக்காங்க, அதுக்காகத்தான் இது. போன்ல எடுக்கறவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும்.

முதல் ஸ்டெப்: மொத நாள் கேமரா பையிலயே இருக்கட்டும்

இதை நான் தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன். ஊட்டி பக்கத்துல ஒரு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்குப் போய் ஒரு அம்மா முன்னாடி உக்காந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல, "அம்மா இங்க பாருங்க"ன்னு கூப்பிட்டுட்டேன். தோடர் எம்ப்ராய்டரிக்குத் துணியில முன்னாடியே கோடு போட்டு வரைஞ்சுக்கற பழக்கம் கிடையாது, நெய்த இழையை ஊசி முனையாலயே எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்பும் நூலைக் கோத்து வாங்கறதுதான். என் குரலுக்கு நிமிர்ந்தாங்க, திரும்பக் குனிஞ்சாங்க, "எண்ணிக்கை போயிடுச்சு தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு அந்த சிவப்பு வரிசையை ஒவ்வொரு தையலா பிரிச்சாங்க. அவங்க கோவப்படவே இல்ல, ஆனா எனக்கு இன்னும் அது உறுத்துது. அன்னைக்கு வந்த படத்துல முகம் இருக்கு, ஆனா யாரோ கூப்பிட்டதுக்கு நிமிர்ந்த முகம் அது.

அதனால மொத நாள் போய் டீ குடிங்க, வேலையைப் பாருங்க, எதை எடுக்கலாம் எதை எடுக்கக்கூடாதுன்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுக்கோங்க. கோயில் பக்கம் கேட்காம கேமராவை எடுக்கவே எடுக்காதீங்க. படத்தை எங்க போடப்போறீங்கன்னும் அன்னைக்கே சொல்லிடுங்க. இந்த எம்ப்ராய்டரிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது, அது அவங்க சொத்து, படம் எங்க போகுதுன்னு கேக்கற உரிமை அவங்களுக்கு இருக்கு.

ரெண்டாவது: வேலைக்குள்ள இருக்கற மூச்சைக் கண்டுபிடிங்க

இதுதாங்க முக்கியம், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். எந்தக் கைவேலையா இருந்தாலும் அதுக்குள்ள ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும், அப்ப முகம் தானா நிமிரும், யாரும் கூப்பிட வேண்டியதில்ல. அந்த அம்மாகிட்ட ரெண்டாவது தடவை போனப்ப சும்மா உக்காந்து பாத்துட்டே இருந்தேன். நூல் தீந்துச்சு. புது நூலோட நுனியைக் கடிச்சு, ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டி, ஊசியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு, ஒரு கண்ணை லேசா சுருக்கி ஊசிக் காதுக்குள்ள நூலை விட்டாங்க. முகம் முழுக்க வெளிச்சம், கண்ணு முழுக்க கவனம், மூணு செகண்டுதான். நூல் எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா தீருதுன்னு பாத்துக்கிட்டா அடுத்த மூணு செகண்டுக்கு நாம ரெடியா இருக்கலாம்.

கொல்லருக்கு அது துருத்தியை நிறுத்திட்டு குறட்டுல இரும்பை வெளிய எடுத்து பதம் வந்துச்சான்னு நிறம் பாக்கற நேரம். ஓவியர்னா ஒரு அடி பின்னாடி சாஞ்சு பாக்கறப்ப. உங்க ஊர்ல யாரை எடுக்கறீங்களோ அவங்க வேலையில அது எங்க வருதுன்னு நீங்கதான் உக்காந்து பாக்கணும், வேற குறுக்கு வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

மூணாவது: வெளிச்சம்

நுணுக்கமான வேலை பண்றவங்க வெளிச்சம் பாத்துதான் உக்காருவாங்க, ஜன்னலோரம் இல்ல வாசப்படி. அவங்களை நகத்தாதீங்க, நீங்க நகருங்க. ஜன்னல் அவங்களுக்கு ஒரு பக்கமா வர்ற மாதிரி சாய்வா நில்லுங்க, உள்ள ட்யூப் லைட் எரிஞ்சா கேட்டுட்டு அணைச்சிடுங்க, இல்லன்னா முகத்துல ரெண்டு நிறம் அடிக்கும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டா இருந்தா ஒரு வெள்ளை தெர்மகோல் அட்டையை சாச்சு வைங்க, அது போதும்.

வெளிய எடுக்கறதா இருந்தா மூடுபனி நாள்தான் நமக்கு வரம், வானமே ஒரு பெரிய வெள்ளைத் துணி கட்டின மாதிரி ஆயிடும், மூக்குக்குக் கீழ கறுப்பு நிழலே விழாது. டிசம்பர் ஜனவரில வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும், பத்து மணிக்கே வெயில் சுள்ளுனு அடிக்கும், அப்ப நிழலுக்குள்ள போயிடுங்க, நிழல்ல தோல் நீலமா தெரிஞ்சா ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தோட நிறத்தைச் சரிகட்டற செட்டிங்) ஷேடுக்கு மாத்துங்க. மழையையும் பாத்துக்கோங்க. தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்துல குறுக்க நிக்கறதால தென்மேற்கு மழை மேக்கால கொட்டற அளவுக்கு கோத்தகிரி பக்கம் கொட்டாது, எங்களுக்குப் பெருமழை அக்டோபர் நவம்பர்லதான், அந்த ரெண்டு மாசம் இங்க வர பிளான் போடாதீங்க.

நாலாவது: செட்டிங்

50 எம்எம் லென்ஸ் ஒண்ணு போதும். முகத்துக்கு எஃப் 2.8 (லென்ஸ் திறப்பு, எண் சின்னதா இருந்தா ஃபோகஸ் வச்ச இடம் மட்டும் தெளிவா வரும்), ஷட்டர் 1/200 செகண்ட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை வாங்கற உணர்திறன்) 800-ல ஆரம்பிங்க, ஃபோகஸ் கிட்ட இருக்கற கண்ணுல. கை அசையறது தெரியணும்னா ஷட்டரை 1/30-க்கு இறக்கிட்டு சுவத்துல சாஞ்சு மூச்சைப் புடிச்சு எடுங்க. பூத்துக்குளி வெள்ளை, பனியும் வெள்ளை, கேமரா அதைப் பாத்து ஏமாந்து படத்தை சாம்பலாக்கிடும், அதனால எக்ஸ்போஷரை +1 வரைக்கும் ஏத்துங்க. பட்டறை இதுக்கு நேர் எதிர், எல்லாம் கரி, அங்க -1. ரா ஃபைல்ல எடுங்க, கேமரா பதிவு பண்றது அப்படியே இருக்கும், பின்னாடி திருத்தலாம்.

நம்ம ஊரு விஷயம் ஒண்ணு. ஊட்டி இந்து நகர்ல ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல இருந்து ஃபிலிம் தயாரிச்சாங்க, ஒரு ரோலுக்கு 36 படம்தான். இப்பவும் நான் ஒருத்தரை எடுக்கப் போனா 36-க்கு மேல அழுத்தறதில்லன்னு வச்சிருக்கேன். படபடன்னு அழுத்தினா அந்த சத்தமே அவங்க எண்ணிக்கையைக் கலைக்கும், நமக்கும் காத்திருக்கற பழக்கம் வராது.

அஞ்சாவது: குளிர்ல கேமரா

பனியில இருந்து நேரா அடுப்பெரியற வீட்டுக்குள்ள போனா லென்ஸ் மேல ஆவி படிஞ்சிடும். துடைக்காதீங்க. வெளியவே கேமராவை பாலிதீன் கவர்ல இறுக்கிக் கட்டி, உள்ள போய் இருபது நிமிஷம் கழிச்சுப் பிரிங்க. இன்னொரு பேட்டரி சட்டைப் பையில, உடம்புச் சூட்டுல இருக்கட்டும். வீட்டுல சிலிக்கா ஜெல் போட்ட டப்பா இல்லன்னா இந்த ஈரத்துக்கு லென்ஸ்ல பூஞ்சை கட்டாயம்.

கடைசியா: பிரிண்ட்

வாட்ஸப்ல அனுப்பிட்டேன்னு முடிச்சுடாதீங்க. 8-க்கு 12 இன்ச், மேட் பேப்பர், கையில கொண்டு போய்க் குடுங்க. ஊசி கோக்கற அந்தப் படத்தைக் குடுத்தப்ப அந்த அம்மா அவங்க முகத்தைப் பாக்கவே இல்ல, மடியில கிடந்த துணியைத்தான் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தாங்க, விரலால தடவி எண்ணினாங்க, பாதியில நிறுத்திட்டு "இங்க மங்கலா இருக்குதே தம்பி"ன்னாங்க. எஃப் 2.8-ல கண்ணு மட்டும்தான் தெளிவா வந்திருந்துச்சு. இப்பல்லாம் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு படமாவது எஃப் 8-ல, ஃபோகஸை வேலை மேல வச்சு, இழை எண்ணிப் பாக்கற அளவுக்கு எடுத்துட்டுத்தான் கிளம்பறேன். நீங்களும் அப்படியே எடுங்க.