கையில் காசில்லாத மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏறக்குறையப் பணமே இல்லாமல் வாழும் குடும்பத்துக்குச் சிக்கனத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கால் கிலோ தக்காளியையே யோசித்து வாங்கும் வீட்டில் வீண்செலவு என்று வெட்டுவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? அங்கே நேரும் தவறுகள் பெரும்பாலும் பணம் எந்த நாளில் வருகிறது, எந்த நாளில் தேவைப்படுகிறது என்ற கணக்கில்தான் நேர்கின்றன; காவிரிப் படுகையில் அந்த நாள்களை ஆற்றுத் தண்ணீர் முடிவு செய்கிறது.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படும். குறுவை நடவு, சம்பா நடவு, களையெடுப்பு, தை மாசி அறுவடை என்று வயற்கூலியின் பெரும்பகுதி இந்தத் தண்ணீரை ஒட்டியே வந்து போகும். 2024இல் திறப்பு ஜூலை 28 வரை தள்ளிப்போனதைப் போல ஓர் ஆண்டு அமைந்துவிட்டால் குறுவைக் கூலியை நம்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாள்கள் வயலில் இறங்கவே முடியாது. அறுவடைக்குப் பிறகு உளுந்து, பயறு எடுக்கும் சில நாள்களைத் தவிர வைகாசி முடிய வேலை அரிது.

ஆகவே மாதச் சம்பளக்காரரைப் போல மாதத்துக்கு மாதம் வரவு செலவு போடுவது முதல் தவறு. அதைவிடப் பெரியது, தை மாதக் கூலி கைக்கு வந்ததும் மானத்துக்கு அஞ்சி எல்லாக் கடனையும் ஒரேயடியாக அடைத்துவிட்டு, பங்குனியில் அரிசி வாங்க வட்டிக்குப் பணம் தேடி அலைவது. வட்டியில்லாத கைமாற்றைக் கொடுத்தவரிடம் நிலைமையைச் சொல்லிப் பாதியை நிறுத்தி வைத்துக்கொள்வதில் தவறில்லை. வட்டிக் கடனை முதலில் அடைப்பதே முறை. அறுவடைக் கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில், நெல் வீட்டில் கிடந்தவரை பசி தள்ளி நின்றது. இப்போது பெரும்பாலும் இயந்திரம் அறுக்கிறது, கிடைக்கும் கூலியும் ரொக்கமாக வருகிறது. ரொக்கத்துக்குக் கால் முளைத்துவிடும். மாசி, பங்குனியில் புதுப் புளியும் மிளகாயும் சந்தைக்கு வரும்போதே கொஞ்சம் வாங்கி வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பது, அந்தப் பணத்தைத் தலையணைக்கு அடியில் வைப்பதைக் காட்டிலும் பாதுகாப்பானது.

அடுத்தது தண்டல். பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கட்டம் போட்ட சிறிய அட்டையில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தில் கையெழுத்து விழும். அந்த அட்டை பெரும்பாலும் சுவரில் மாட்டிய நாள்காட்டிக்குப் பின்னால் செருகிக் கிடக்கும். “ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி” என்று தோன்றுகிற இடத்தில்தான் ஏமாற்றம் நிகழ்கிறது. முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், நூறு நாளுக்குச் சராசரியாக நம்மிடம் நிற்கும் பணம் நாலாயிரத்துச் சொச்சம்தான். கணக்குப் பார்த்தால் இது நூற்றுக்கு மாதம் ஏறத்தாழப் பத்து ரூபாய் வட்டி. தெரிந்தவர் மூன்று வட்டி கேட்டால் அநியாயம் என்று முகம் சுளித்துவிட்டு, வாசலுக்கே வந்து பணம் தரும் தண்டல்காரரிடம் பத்து வட்டிக்கு வாங்குகிறோம். வேலை இல்லாத மழை நாளிலும் அந்த நூறு ரூபாய் போயாக வேண்டும் என்பதால், அதைக் கட்ட இன்னொரு தண்டல், அதுவும் போதாமல் குழுக் கடன் என்று சங்கிலி நீளும். கந்துவட்டிக்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. அட்டையையும் சீட்டையும் கிழித்துப் போட்டவருக்கு அதன் பலன் கிடைப்பது கடினம்.

நகை இருந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முதலில் கேட்காமல், அவசரத்தில் தெருமுனை அடகுக் கடைக்குப் போவதும் இதே வகைதான். தையல் இயந்திரம், சைக்கிள் போன்று பிழைப்புக்கு உதவும் பொருளை அடகு வைக்கவே கூடாது.

ரேஷன் அரிசியை யாரிடமாவது சில ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்துப் பொன்னி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு, கையில் ஐம்பத்தைந்து ரூபாய் இல்லை என்று பருப்பையும் எண்ணெயையும் விட்டுவிடுவது உடம்பைக் கெடுக்கும் தவறு. சோறும் ரசமுமாகவே ஓடும் வீட்டில், கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டில் பருப்பு என்பதே இருக்காது. வரப்பில் முளைக்கும் பொன்னாங்கண்ணியையும் வேலியோர முருங்கைக்கீரையையும் ஏழ்மையின் அடையாளமாக எண்ணிப் பறிக்கக் கூச்சப்படுவதில் பொருளே இல்லை.

மளிகைக் கடையில் கடன் கணக்கு வைத்து வாங்குபவர்கள் விலையைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்டு, தம் வீட்டு நோட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.

காசில்லை என்பதற்காக விசேஷங்களுக்குப் போவதை நிறுத்துவதை வெளியூர்க்காரர்கள் புத்திசாலித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து, இன்று எழுதியதை நாளை திரும்பப் பெறும் ஏற்பாடு. வங்கி வாசலில் மதிப்பில்லாதவருக்கும் வட்டியில்லாப் பெருந்தொகை கிடைக்கும் வழி அது. திருப்பிச் செய்யாமல் ஒளிந்துகொண்டால் அந்தக் கதவு மூடிவிடும். நேரில் போய், முடிந்ததை எழுதி, மீதியை அறுவடைக்குப் பிறகு செய்வதாகச் சொல்வது எவ்வளவோ மேல். அதற்காகத் தண்டல் வாங்கி மொய் எழுதுவது வேறு கதை.

நோயைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் செலவு மிக்கது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அந்த அட்டைக்குத் தேவையான வருமானச் சான்றைத் தேடி, நோயாளியைச் சேர்த்த பிறகு ஓடுவதைவிட, வேலை இல்லாத வைகாசியிலேயே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து வாங்கி வைக்கலாம். சர்க்கரை மாத்திரையை நாள்விட்டு நாள் விழுங்கி மிச்சம் பிடிப்பவர்கள் பலர். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பெயர் பதிவாகவில்லை என்றால் ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.