டியூபா மியூட்டுக்கு ஒரே துளை போதும்

டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவிக்கு வீட்டிலேயே பயிற்சி மியூட் (சத்தத்தைக் குறைக்கும் அடைப்பு) செய்யும்போது, பெல்லுக்குள், அதாவது கருவியின் அகன்ற வாய்க்குள், உட்காரும் மியூட்டின் விளிம்பு முழுக்க மெத்தென்ற ஃபோம் பட்டை ஒட்டி இடுக்கே இல்லாமல் அடைத்துவிட்டு, காற்று வெளியேற ஒரே ஒரு சின்னத் துளை போடுங்கள், அப்புறம் வாசித்துப் பார்த்து, காற்று போகாமல் திணறினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். ஓரத்து இடுக்குகள் வழியாகத்தான் சத்தம் நிறையக் கசியும். காற்றுக்கு ஒரே வழி என்றால், சத்தம் எவ்வளவு, ஊதும் சிரமம் எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யலாம். துளை பெரிதாகிவிட்டதா? பரவாயில்லை, டேப் ஒட்டினால் சரி. சுருதி பெரும்பாலும் ஏறும், அதை இறக்க டியூனிங் ஸ்லைடை (சுருதி சரிசெய்யும் நகரும் குழாயை) வெளியே இழுங்கள். அடிமட்ட சுரங்கள் இதில் தெளிவாகப் பேசாது, அவற்றை மியூட் இல்லாமல்தான் பழக வேண்டும்.