பாட்டிலுக்குள் ரெட் ஒயின் எப்படி மாறுகிறது? வேலூர் வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி

டானின் என்றால் என்னவென்று வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒயின் ஆட்கள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் டேனரிகளில் இப்போது பெரும்பாலும் குரோம் உப்புதான். முன்பெல்லாம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலை ஊறவைப்பார்கள். அவற்றின் துவர்ப்புதான் டானின். அது தோலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அழுகாமல் காக்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பது அதன் பங்காளி. நம் எச்சிலின் புரதத்தைப் பிடிப்பதால்தான் புது ரெட் ஒயின் குடித்ததும் நாக்கு வறண்டு இழுக்கிறது.

முதல் படிக்கு ஒயினே வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, கொட்டையை நீக்கிவிட்டு (கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள்) ஒரு சிறு துண்டை மென்று பாருங்கள். அந்த இழுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் தேடப்போவது அது எவ்வளவு குறைகிறது என்பதைத்தான்.

அடுத்து பாட்டில். பல திராட்சைகளைக் கலந்து செய்த ஒயினாகப் பாருங்கள். பிரான்ஸின் போர்தோவில் கபர்னே சோவின்யோன், மெர்லோ இரண்டும் முக்கியம். கபர்னே பிரான், பெத்தி வெர்தோ கொஞ்சம் சேரும். நந்தி மலைப் பக்கம் கபர்னேயோடு ஷிராஸ் கலந்து செய்கிறார்கள். மெர்லோ சதைப்பற்றோடு இருக்கும், சீக்கிரம் இளகும். கபர்னேயில் துவர்ப்பு அதிகம், மெதுவாகத்தான் வழிக்கு வரும். அதனால் ஒரே கலவை மூன்றாம் வருடம் ஒரு முகமும் எட்டாம் வருடம் வேறொரு முகமும் காட்டும். ஒரே ஆண்டு அச்சிட்ட பாட்டில்கள் குறைந்தது மூன்று வாங்குங்கள். விலை குறைந்த ரகத்தை வைத்திருப்பதில் லாபமில்லை. அவற்றை ஓரிரு வருடங்களில் குடித்துவிட வேண்டியதுதான்.

இனிமேல்தான் கஷ்டமான இடம்: வேலூர் வெயில். ஒயினுக்கு 12 முதல் 15 டிகிரி வேண்டும். நம் ஊரில் கோடையில் 40 தாண்டும். என் முதல் பாட்டிலைப் பீரோ மேல் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். கத்திரி முடிந்து வந்து பார்த்தால், கார்க் கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. உள்ளே இருந்தது காய்ச்சிய திராட்சை ஜாம். சூட்டில் வேகமாகப் பழசாகும் என்று நினைக்காதீர்கள், வெந்துதான் போகும். சில மாதம் என்றால் பிரிட்ஜில் காய்கறித் தட்டு போதும். வருடக்கணக்கில் என்றால் 13 டிகிரியில் நிற்கும் ஒயின் கூலர் இல்லாமல் இறங்காதீர்கள். கார்க் காயாமலிருக்க பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். திருகு மூடி என்றால் எப்படி வைத்தாலும் சரி. வெளிச்சம் படக்கூடாது.

ஒன்றை இப்போதே திறங்கள், மற்றவற்றை இரண்டு மூன்று வருட இடைவெளியில். காத்திருக்கப் பொறுமையில்லை என்றால் ஒரே ஒயினின் வெவ்வேறு ஆண்டுப் பாட்டில்களை அருகருகே வைத்துப் பாருங்கள். கிளாஸைச் சாய்த்து வெள்ளை வேட்டிக்கு மேல் பிடியுங்கள் (கவனம், கறை போகாது). புதியதன் ஓரம் நாவற்பழ நிறத்தில் இருக்கும். பழையதன் ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருக்கும். நிறமிகளும் டானினும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு பெரிதாகி, கடைசியில் கரைந்திருக்க முடியாமல் மண்டியாக அடியில் இறங்குகின்றன. நிறம் மங்குவதற்கும் துவர்ப்பு தணிவதற்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் மோந்து பாருங்கள். பழ வாசனை பின்வாங்கி உலர்ந்த அத்தி, புகையிலை, ஈர மண், காளான் எல்லாம் வரும். ஆம்பூர் டேனரியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் பழைய கலவையை மோந்துவிட்டுச் சொன்னான்: "இது நம்ம பினிஷிங் ரூம்டா." அவன் கேலி செய்யவில்லை. முதிர்ந்த ரெட் ஒயினில் தோல் வாசனை வருவது உலகமே ஒப்புக்கொண்ட விஷயம்.

பழைய பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கும். கழுத்துக்குக் கீழே செல்போன் டார்ச்சை வைத்து, வேறொரு ஜாடிக்கு மெதுவாக ஊற்றுங்கள். கருப்புத் துகள் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பத்து வருடம் தாண்டியது என்றால் திறந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அதன் வாசனை பறக்க ஆரம்பித்துவிடும். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகே கார்க்கை எடுங்கள்.